சொன்னதும் நிறுவியதும்: கணித மேதை ஒயிலர் சரிதம்

எண்ணையும் எழுத்தையும் ஒருங்கே போற்றிய மரபு நம்முடையது. காலப்போக்கிலே பண்டிதர் எழுத்தை எடுத்துக்கொண்டனர். எண்ணைக் கணித ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டனர். ஆதலால், தமிழ் கற்பிக்கும் யான் கணித மேதை ஒருவருடைய சரிதத்தைச் சொல்லப் புகுவது வாசகர் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அவ்வியப்பு நீங்குதற்கு இரண்டு காரணம் சொல்வேன்.

முதலாவது காரணம் நேரசூசி. பாடசாலை ஒன்றுக்கு நேரசூசி வகுத்தவர்களுக்கே அதன் சிக்கல் தெரியும். ஓர் ஆசிரியர் ஒரே பாடவேளையில் இரண்டு வகுப்பில் நிற்க இயலாது. ஒரு வகுப்புக்கு ஒரே வேளையில் இரண்டு ஆசிரியர் செல்லுதலும் கூடாது. இலக்கண பாடத்தை நாலாம் பாடவேளைக்கு மாற்றினால் சமய பாடம் இடம்பெயரும். சமய பாடத்தை நகர்த்தினால் வடமொழி வகுப்பு ஆசிரியரின்றி இருக்கும். பல்லாண்டாக இப்பணி என் பொறுப்பிலே இருந்து வருகின்றது. வைத்தியசாலையிலே தாதியர்க்கு இரவு பகல் முறை வகுத்தலும், புகையிரத ஊழியர்க்குக் கடமைப் பட்டியல் இடுதலும் இதே இனத்தைச் சேர்ந்தவை. பொருள்களை விதி வழுவாது அடுக்கும் முறைகளை ஆராய்வது சேர்மானக் கணிதம். புள்ளிகளையும் அவற்றைத் தொடுக்கும் கோடுகளையும் ஆராய்வது கோட்டுருக் கணிதம். இவ்விரண்டுமே இன்று இத்தகைய பணிகளுக்குத் துணை நிற்கின்றன. இத்துறைகளுக்கு அடித்தளம் இட்டோருள் தலையாயவர் லியோனாட் ஒயிலர். திண்மம் ஒன்றின் உச்சிகள், விளிம்புகள், முகங்கள் ஆகியவற்றின் தொடர்பைப் படிக்கும்போது நம் மாணாக்கர் கேள்விப்படும் ஒயிலரும் இவரே.

இரண்டாவது காரணம் இதனிலும் பெரிது. ஒயிலர் தம் வாழ்நாளில் இரு வேறு காலங்களில் இரு வினாக்களை ஆராய்ந்து, இயலாது என்ற ஒரே விடையைச் சொன்னார். ஒரு விடை இன்றும் அசையாது நிற்கின்றது. மற்றையதன் பெரும்பகுதி 1959ஆம் ஆண்டிலே வீழ்ந்தது. அறிஞர் ஒருவரே, விடையும் ஒன்றே, நேர்ந்த கதி மாத்திரம் வேறு. ஆன்றோர் வாக்கைப் பிரமாணமாகக் கொண்டு கற்றும் கற்பித்தும் வருகின்ற நம்மனோர் இதன் காரணத்தைச் சிந்தித்தல் வேண்டும்.

ஒயிலர் 1707ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆம் நாள் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலே பிறந்தார். தந்தையார் கிறித்தவ போதகர். கணிதத்திலும் ஓரளவு பயிற்சி உடையவர். மகனும் தம்மைப் போலச் சமயப் பணி புரிதல் வேண்டும் என்பது அவருடைய விருப்பம். மகனோ 13ஆம் வயதிற் பாசல் பல்கலைக்கழகம் புகுந்து, அக்காலத்து ஐரோப்பாவின் முதன்மைக் கணித அறிஞருள் ஒருவராகிய யோகான் பேணூலியின் கண்ணிற் பட்டார். பேணூலி அவருக்குத் தனி வகுப்பு நடத்தினாரல்லர். கடினமான நூல்களைக் காட்டித் தாமாகவே படிக்கும்படி விட்டார். விளங்காத இடங்களைச் சனிக்கிழமை பிற்பகலில் வந்து கேட்கலாம் என்று இசைந்தார். ஏனைய நாள்களெல்லாம் ஒயிலர் தாமே முயன்று, ஆசானிடம் கொண்டுசெல்லும் ஐயங்களை இயன்ற மட்டும் குறைத்துக்கொண்டார். ஐயங்களைக் குறைத்துக்கொண்டு ஆசானை அடைதல் என்னும் இவ்வொழுக்கம் நம் மாணாக்கர் கருத்திற் கொள்ளத் தக்கது. பின்னர்ப் பேணூலியே தந்தையாரிடம் பேசி, மகனைக் கணிதத்துக்கு விடுவித்தார்.

சொந்த ஊரிலே பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. 1727ஆம் ஆண்டு, தமது 20ஆம் வயதிலே, ஒயிலர் உருசிய நாட்டின் தலைநகராயிருந்த சென் பீற்றர்ஸ்பேர்க் சென்று, அங்கே புதிதாகத் தொடங்கப்பெற்ற அறிவியற் கழகத்திற் சேர்ந்தார். பேணூலியின் மைந்தர் தானியேல் அங்கே முன்னரே பணிபுரிந்துகொண்டிருந்தார். 1733இல் தானியேல் நாடு திரும்ப, கணிதப் பேராசிரியர் பதவி ஒயிலருக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஓவியர் ஒருவரின் மகளாகிய கதரீனாவை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் 13 பேர். அவருள் ஐவரே இளமைப் பருவம் கடந்து வாழ்ந்தனர். கைக்குழந்தையை மடியிலே வைத்துக்கொண்டு, காலடியில் ஏனைய பிள்ளைகள் விளையாட, அவர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவார் என்பர். தனிமையும் அமைதியும் கிடைத்தாலன்றி எழுத இயலாது என்பார்க்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

இக்காலத்தில் அவரிடம் வந்ததே பாலங்களைப் பற்றிய வினா. பிறேகல் ஆற்றின் மேல் கோனிக்ஸ்பேர்க் என்றொரு நகரம். அன்று பிரசிய நாட்டைச் சேர்ந்திருந்த அந்நகரம் 1946ஆம் ஆண்டு தொடக்கம் கலினின்கிராட் என்னும் பெயருடன் உருசியாவுக்கு உரியதாயிருக்கின்றது. ஆறு கிளைத்து ஓடுதலால் நகரம் ஒரு தீவும் வேறு மூன்று பகுதிகளுமாக நான்கு நிலங்களாய்ப் பிரிந்து கிடந்தது. அந்நிலங்களை ஏழு பாலங்கள் இணைத்தன. ஏழு பாலங்களையும், ஒன்றையேனும் விடாமலும் ஒன்றையேனும் இருமுறை மிதியாமலும், கடந்து உலாவி வருதல் கூடுமோ என்பது நகரத்தாரிடையே வழங்கிய வினா. எவருக்கும் அது கைகூடவில்லை. கூடவே கூடாது என்று அறுதியிட்டுரைக்கவும் எவராலும் முடியவில்லை.

ஒயிலர் இதனை எழுத்துக்களைக் கொண்டு ஆராய்ந்தார். அவர் கையாண்டவை இலத்தீன் எழுத்துக்கள். நாம் தமிழெழுத்தைக் கொள்வோம். நான்கு நிலங்களுக்கும் அ, ஆ, இ, ஈ எனப் பெயரிடுக. அ என்னும் நிலத்திலிருந்து பாலம் ஒன்றைக் கடந்து ஆ என்னும் நிலத்தை அடைந்தால் அஆ என்று எழுதுக. ஒரு பாலம் கடந்தால் இரண்டெழுத்து; இரண்டு பாலம் கடந்தால் மூன்றெழுத்து. அம்முறையே ஏழு பாலமும் கடந்த உலாவை எழுதினால் எட்டெழுத்துச் சொல் ஒன்று வரும். இனி, ஒரு நிலத்தின் எழுத்து அச்சொல்லிலே ஒருமுறை மாத்திரம் வருமாயின், அந்நிலத்துப் பாலங்களுள் இரண்டுக்கு மேற் பயன்படா. உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று. ஆகவே, மூன்று பாலமுடைய நிலத்தின் எழுத்து இருமுறையேனும் வரல் வேண்டும். ஐந்து பாலமுடைய நிலத்தின் எழுத்து மும்முறையேனும் வரல் வேண்டும். தீவுக்குப் பாலம் ஐந்து. ஏனைய மூன்று நிலங்களுக்கும் மும்மூன்று. கூட்டிப் பார்ப்போம்: 3, 2, 2, 2, ஆக 9. எட்டெழுத்துச் சொல்லில் ஒன்பதெழுத்து அடங்குமாறு எங்ஙனம்? அடங்காது. ஆதலால் அவ்வுலா இயலாது.

1735ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் நாள் ஒயிலர் இவ்வாராய்ச்சியைக் கழகத்தின் முன் வைத்தார். 1741இல் அது அச்சேறியது. நகரத்தின் படத்தைப் பார்த்துப் பாலத்தின் நீளம், ஆற்றின் அகலம், வீதியின் வளைவு முதலிய யாவற்றையும் தள்ளிவிட்டு, எந்நிலம் எந்நிலத்தோடு இணைகின்றது என்ற ஒன்றை மாத்திரம் அவர் எடுத்துக்கொண்டார். கோட்டுருக் கணிதத்தின் பிறப்பு அதுவே. இவ்வினாவுக்குக் கணிதத்தோடு பெரிய உறவில்லை, பொதுவான பகுத்தறிவே இதற்குப் போதும் என்னும் கருத்துப்பட அவர் நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதியதும் உண்டு. தாம் நட்ட வித்து எத்தகைய மரத்தினது என்பதை அவரே முழுவதும் அறிந்திலர் போலும்.

அக்கட்டுரையில் அவர் மற்றொன்றும் சொன்னார். ஒற்றை எண்ணிக்கையில் பாலமுடைய நிலங்கள் இரண்டே இருப்பின், அல்லது ஒன்றேனும் இல்லையாயின், உலா இயலும் என்றார். இது உண்மையே. எனினும் இதற்குரிய முழு நிறுவல் அவர் கட்டுரையில் இல்லை. ஜேர்மானியராகிய ஈயர்கோல்ட்சர் அதனைச் செய்தார். அவர் மறைந்த பின்னர், 1873இல், அது வெளிவந்தது. ஒயிலர் நிறுவியதும், ஒயிலர் சொல்லப் பிறர் நிறுவியதும் ஒரே கட்டுரைக்குள் அருகருகே இருத்தலை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க.

1738ஆம் ஆண்டளவில் அவருடைய வலக்கண் ஒளி இழந்தது. 1741இல் பிரசிய மன்னன் பிரடெறிக்கின் அழைப்பை ஏற்றுப் பேர்ளின் சென்று, 25 ஆண்டு அங்கே வாழ்ந்தார். அடக்கமும் சமயப் பற்றும் உடைய ஒயிலர், சாதுரியப் பேச்சை விரும்பிய அம்மன்னனுக்கு உவந்தவராக இருந்திலர். ஒற்றைக்கண் அரக்கன் என்று மன்னன் அவரை எள்ளியதும் உண்டு. எள்ளலைப் பொருட்படுத்தாது அவர் எழுதிக்கொண்டேயிருந்தார். இளவரசி ஒருத்திக்கு 1760ஆம் ஆண்டு தொடக்கம் அவர் எழுதிய 200க்கு மேற்பட்ட கடிதங்கள் ஒளி, ஒலி, ஈர்ப்பு, தருக்கம் முதலியவற்றை எளிய நடையில் விளக்குவன. பின்னர் நூலாக வெளிவந்து பல மொழிகளிலும் பெயர்க்கப்பட்டன.

சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களையும் குதிரை ஒவ்வொரு முறையே மிதித்து வருமாறு நடத்துதல் எவ்வாறு என்பதையும் அவர் 1759இல் ஆராய்ந்தார். இவ்விளையாட்டு நம்மவர்க்குப் புதிதன்று. காஞ்சிக்கு அணித்தாகிய தூப்புலிலே 1268இல் பிறந்த வேதாந்த தேசிகர், பாதுகா சகசிரம் என்னும் தமது வடமொழி நூலிலே, ஒரு சுலோகத்தின் 32 எழுத்துக்களைக் கட்டங்களில் நிறுத்தி, குதிரை நடையாக வாசித்தால் அடுத்த சுலோகம் வருமாறு பாடியிருக்கின்றார். புலவர் சித்திரகவியிற் கண்ட இன்பத்தைக் கணிதர் நிறுவலிலே கண்டனர்.

1766ஆம் ஆண்டு, பேரரசி கதறீனின் அழைப்பின்மேல் ஒயிலர் மீண்டும் பீற்றர்ஸ்பேர்க் சென்றார். அங்கே மற்றைக் கண்ணும் படலத்தால் மறைந்தது. 1771இல் நடந்த சத்திர சிகிச்சை சின்னாள் ஒளி தந்து, பின் அதனையும் பறித்தது. அதே ஆண்டு நகரில் மூண்ட தீ அவர் இல்லத்தை எரித்தது. பாசல் ஊரவராகிய தொழிலாளி ஒருவர் தீயினுட் புகுந்து, கண் காணாத அறிஞரைத் தூக்கி வந்து காத்தார். 1773இல் மனைவியார் மறைந்தார். இத்துணை இடரும் அடுத்தடுத்து வந்த காலத்திலேதான் அவருடைய ஆராய்ச்சி முன்னிலும் பெருகியது. மைந்தரும் மாணாக்கரும் அருகிருந்து எழுத, அவர் மனத்திலே கணித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். வேர்ஜில் என்னும் உரோமப் புலவரின் ஈனியட் காவியம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். தம்மிடமிருந்த பிரதியின் ஒவ்வொரு பக்கத்தின் முதலடியும் ஈற்றடியும் இவை என்று சொல்ல வல்லவராயிருந்தார். அவதானிகளைக் கண்டு வியந்த நாடு நம்முடையது; இந்நினைவாற்றலின் அருமை நமக்கு விளங்கும்.

அவருடைய அட்சரகணித நூல் பிறந்த வரலாறு ஆசிரியர்கள் அறிய வேண்டுவது. தையற்றொழில் பயின்ற இளைஞன் ஒருவனை எழுத அமர்த்தி, அவர் அதனைச் சொல்லி வந்தார். கணித அறிவு சிறிதும் இல்லாதிருந்த அவ்விளைஞன், எழுதி முடிக்கும்போது கடினமான கணக்குகளையும் தானே செய்யத்தக்க தேர்ச்சி பெற்றான் என்று அந்நூலின் முன்னுரை கூறுகின்றது. எழுதுபவனுக்கே விளங்குமாறு சொல்லுதல் ஆசிரியத் தொழிலின் உச்சமன்றோ?

1779ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, தமது 71ஆம் வயதில், அவர் இரண்டாவது வினாவைக் கழகத்தின் முன் வைத்தார். ஆறு படைப்பிரிவு, பிரிவுக்கு ஆறு தரத்து அலுவலர், ஆக 36 பேர். அவர்களை ஆறு நிரையும் ஆறு நிரலுமாக நிறுத்துதல் வேண்டும். ஒவ்வொரு நிரையிலும் ஒவ்வொரு நிரலிலும் ஆறு பிரிவினரும் ஆறு தரத்தினரும் ஒவ்வொருவர் இருத்தல் வேண்டும். கூடுமோ?

ஒயிலர் பிரிவுகளை ஒருவகை எழுத்தாலும் தரங்களை வேறொருவகை எழுத்தாலும் குறித்தார். இலத்தீன் எழுத்துக்களைக் கையாண்டமையால் இத்தகைய சதுரங்களுக்கு இலத்தீன் சதுரம் என்ற பெயர் வந்தது. தமிழர்க்கு இதனினும் எளிய வழி உண்டு. மெய்யைப் பிரிவாகவும் உயிரைத் தரமாகவும் கொள்வோம். இரண்டும் கூடிய உயிர்மெய்யே அலுவலர். மூன்று மெய்யும் மூன்று உயிரும் கொண்டு முதலிலே செய்து பார்க்கலாம்:

க தா பி
தி ப கா
பா கி த

எந்த வரிசையை நோக்கினும், குறுக்காயினும் நெடுக்காயினும், க், த், ப் என்னும் மெய் மூன்றும், அ, ஆ, இ என்னும் உயிர் மூன்றும் ஒவ்வொரு முறை வருகின்றன. ஒன்பது உயிர்மெய்யும் ஒன்றேனும் மிகாமலும் குறையாமலும் அமைந்தன. இனி, வல்லின மெய் ஆறனையும், அ முதல் ஊ வரையுள்ள உயிர் ஆறனையும் எடுத்து, 36 உயிர்மெய்யை இவ்வாறு நிறுத்த முயல்க. எத்துணை நாள் முயன்றாலும் வாராது.

ஒயிலருக்கும் வரவில்லை. ஒற்றை எண்களுக்கும், நான்கால் மீதியின்றி வகுபடும் எண்களுக்கும் இத்தகைய சதுரம் அமைக்கும் வழியை அவர் கண்டார். நான்கால் வகுத்தால் இரண்டு எஞ்சும் 6, 10, 14 முதலிய எண்களுக்கு அது இயலாது என்று கருதினார். அக்கருத்துக்கு முழு நிறுவல் தம்மிடம் இல்லை என்பதை அவர் மறைத்திலர். 1782இல் வெளிவந்த அக்கட்டுரையைப் படித்தவர் பலர். ஒயிலர் சொல்லிவிட்டார் என்ற மதிப்பினால் அவ்வூகம் ஏறக்குறைய உண்மையாகவே எண்ணப்பட்டு வந்தது.

1900ஆம் ஆண்டளவில், அல்சீரியாவிலே அரசிறை அலுவலராயிருந்த பிரெஞ்சுக்காரர் கஸ்தோன் தாரி, ஆறுக்குரிய வகைகள் யாவற்றையும் பொறுமையோடு பிரித்து ஆராய்ந்து, 36 பேரையும் நிறுத்துதல் இயலாது என நிறுவினார். அவ்வளவில் ஒயிலர் சொன்னது மெய். ஆனால் 1959இல் வங்காளத்து அறிஞர் ஆர். சி. போசும் அவருடைய மாணாக்கர் எஸ். எஸ். ஸ்ரீகண்டேயும் 22க்குச் சதுரம் அமைத்துக் காட்டினர். ஈ. ரி. பாக்கர் என்னும் அமெரிக்கர் 10க்கும் அமைத்தார். பின்னர் மூவரும் கூடி, ஆறின் மேற்பட்ட எல்லா எண்களுக்கும் அது இயலும் என நிறுவினர். 177 ஆண்டு நின்ற ஊகம் வீழ்ந்தது. அமெரிக்க நாளிதழ் ஒன்று தன் முதற் பக்கத்திலே அதனை வெளியிட்டது.

இவற்றால் உலகுக்கு யாது பயன் என்று வினவுவார் உளர். ஆறு ஆசிரியர், ஆறு வகுப்பு, ஆறு பாடவேளை, ஆறு நூல் என்று கொள்வோம். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு கட்டுப் பிரதிகளே உண்டு. ஒவ்வொரு வகுப்பும் எல்லா ஆசிரியரையும் எல்லா நூலையும் ஒவ்வொரு முறை பெறவும், ஒவ்வோர் ஆசிரியரும் ஒவ்வொரு நூலையும் ஒரு முறை கற்பிக்கவும் நேரசூசி வகுக்க முடியுமா? முடியாது, இது அந்த 36 அலுவலர் வினாவேயாம். ஐந்து ஐந்தாகவோ ஏழு ஏழாகவோ இருந்தால் முடியும். இதனை அறிந்த தலைமையாசிரியர் வீண் முயற்சியிலே ஓர் இரவையும் கழிக்கமாட்டார். பயிர்ச் சோதனையிலே மண்ணின் வேறுபாடு முடிவைக் கெடுக்காதிருக்க இலத்தீன் சதுரங்களைக் கையாளும் முறையை இங்கிலாந்தின் பிஷர் என்பார் 1920களில் வளர்த்தார்.

பாலங்களின் வழி வந்த கணிதமும் அத்தகையதே. ஆசிரியரை ஒருபுறமும் வகுப்புக்களை மறுபுறமும் புள்ளிகளாக இட்டு, ஒவ்வொரு பாடத்தையும் ஒரு கோடாக வரைந்தால் நேரசூசியும் ஒரு கோட்டுருவாகும். வாரத்திற்குப் பாடவேளை 40 என்க. எந்த ஆசிரியருக்கும் எந்த வகுப்புக்கும் 40க்கு மேற் பாடம் இல்லையாயின், முரணில்லாத நேரசூசி நிச்சயமாக உண்டு என்பது ஹங்கேரியராகிய கேனிக் 1916இல் நிறுவிய தேற்றத்தின் பயன். ஆனால் இன்ன ஆசிரியர் இன்ன வேளையில் மாத்திரமே வருவார் என்ற நிபந்தனை புகுந்தவுடன் பிரச்சினை மிகக் கடினமான வகையைச் சார்ந்துவிடும் என்று 1976இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று காட்டியது. கணினிகள் பெருகிய இக்காலத்திலும் அக்கடினம் தீர்ந்தபாடில்லை.

இனி, தொடக்கத்திற் கூறிய காரணத்துக்கு வருவோம். பாலங்களைப் பற்றிய விடை நிலைத்தது ஏன்? ஒயிலர் சொன்னமையால் அன்று. எட்டெழுத்தில் ஒன்பதெழுத்து அடங்காமையால். அவர் பெயரை நீக்கிவிட்டாலும் அது நிற்கும். சதுரங்களைப் பற்றிய ஊகமோ அவர் பெயரிலே சாய்ந்து நின்றது. காட்சி, கருதல், உரை என்னும் மூன்றையும் அளவையாகக் கொள்வது நம் சித்தாந்த மரபு. கணிதத்திலே பெரியோர் உரை வழிகாட்டும். முடிவு செய்யும் உரிமை கருதலுக்கே உண்டு.

இது பெரியோரை அவமதிப்பதாகுமா? ஆகாது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை கண்ட சேனாவரையர் தமக்கு முற்பட்ட இளம்பூரணரைப் பலவிடத்தும் மறுக்கின்றார். அதனால் இளம்பூரணர் பெருமை குன்றவுமில்லை. சேனாவரையர் அடக்கமற்றவர் எனப்படவுமில்லை. போசும் ஸ்ரீகண்டேயும் பாக்கரும் ஒயிலருக்குச் செய்ததும் அத்தகைய வழிபாடே. நிறுவப்படாததை நிறுவப்படாதது என்றே ஒயிலர் எழுதி வைத்தமையால் அன்றோ பின்வந்தோர்க்கு அவ்விடத்திலே வேலை இருக்கின்றது என்பது தெரிந்தது!

1783ஆம் ஆண்டு செப்ரெம்பர் 18ஆம் நாள், அதற்கு இரண்டு ஆண்டு முன்னர்க் கண்டுபிடிக்கப்பட்ட யுரேனசுக் கோளின் பாதையைப் பற்றி ஒயிலர் தம் மாணாக்கருடன் உரையாடினார். பின்னர்ப் பேரப்பிள்ளையோடு விளையாடிக்கொண்டிருக்கையில் மூளையில் இரத்தப்பெருக்கு ஏற்பட்டு, அன்றே மறைந்தார். அப்போது அவருக்கு வயது 76. அவர் எழுதியவை 850க்கு மேற்பட்டன. 1911இல் தொடங்கிய அவருடைய நூற்றொகுதி 80 பாகங்களுக்கு மேல் வளர்ந்திருக்கின்றது.

கணித ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒருநாள் ஒரே வகுப்பிற் கூடி, வல்லின உயிர்மெய் 36ஐயும் மாணாக்கர் முன் வைப்பார்களாக. முதலில் அவர்கள் முயன்று பார்க்கட்டும். பின்னர் இது இயலாது என்று சொல்லுக. யார் சொன்னது என்று கேட்கும் மாணாக்கனும் நல்லவனே. எப்படித் தெரியும் என்று கேட்கும் மாணாக்கனைத் தனியே அழைத்து, தாரியின் பெயரைச் சொல்லி வையுங்கள்.